முழங்கால் தண்ணீரில் முழ நீள ட்ரவுட்!

ஒரு கிலோவுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டால் அறுந்துவிடும் நரம்பு. அதை வைத்து ஒன்றரைக் கிலோ மீனைப் பிடிக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கும் குன்றுகளுக்கு நடுவே இதைச் செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆற்றிலோ ஏரியிலோ அல்ல. நாலு எட்டு ஓடிவந்து எம்பினால் தாண்டிவிடக்கூடிய ஓடைகளில்! பல இடங்களில் தண்ணீர் முழங்காலைத் தொடாது. அதில் முழ நீளத்துக்கு மேல் ஒரு மீன் ஒளிந்திருக்கும் என்றால், முதல்முறை பார்க்க வருகிறவர்கள் நம்புவதே இல்லை.

நம் ஊரில் தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும். கடையில் தங்கூஸ் நரம்பு வாங்கும்போது முதல் கவலையே, 'அறுந்துடக் கூடாதே' என்பதுதான். அதனால் கொஞ்சம் தடிமனாகப் பார்த்தே வாங்குவார்கள். விராலோ கெளுத்தியோ மாட்டினால் ஒரே இழுப்பில் கரைக்கு வந்து விழ வேண்டும், அவ்வளவுதானே! இந்த ஓடைக்காரர்கள் நேர் எதிர். இருப்பதிலேயே மெல்லிய நரம்பு, இருப்பதிலேயே லேசான கோல், உள்ளங்கைக்குள் அடங்கும் ரீல். இதற்கு 'அல்ட்ராலைட்' என்று பெயர்.

கோலின் நீளம் 5 அடியிலிருந்து 6 அடி வரை. நரம்பு 2 பவுண்டு அல்லது 4 பவுண்டு தாங்குவது. அதாவது, சுமார் 900 கிராம் அல்லது 1.8 கிலோ. தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. நுனியில் கட்டும் பொய் இரையின் எடை 1 கிராமிலிருந்து 3 கிராம். நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் குறைவு. அதைக் குறிபார்த்து, மரக்கிளைக்குக் கீழே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இடத்தில் சத்தமில்லாமல் விழவைக்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? தடித்த நரம்பைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது.

பனிக்கட்டி மறந்துபோன மண்

விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, இல்லினாய் என நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதிக்கு 'டிரிஃப்ட்லெஸ் ஏரியா' என்று பெயர். பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாறைகள் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் சப்பாத்திக் கட்டையால் தேய்த்ததுபோலத் தட்டையாக்கின. இந்த ஒரு பகுதி மட்டும் கடைசிப் பனியுகத்தில் தப்பித்தது. அதனால் இங்கே குன்றும் பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கின்றன. அடியில் சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும். மழைநீர் அந்தப் பாறைகளுக்குள் இறங்கி, வெகுகாலம் கழித்து ஊற்றாக வெளியே வருகிறது.

அந்த ஊற்று நீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க கிட்டத்தட்ட 9, 10 டிகிரி செல்சியஸ். கோடையில் வெளியே 32 டிகிரி கொளுத்தும்போதும் அதேதான். ஜனவரியில் மைனஸ் 20 அடிக்கும்போதும் அதேதான். ஊரே உறைந்து கிடக்கும்போது இந்த ஓடைகள் மட்டும் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த நீரில்தான் வாழும் ட்ரவுட் மீனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் செடி செழிக்கும். செடியில் பூச்சியும் கூனிபோன்ற சின்னச் சின்ன உயிர்களும் பெருகும். சோற்றுக்குப் பஞ்சமில்லை.

இங்கே இரண்டு வகை ட்ரவுட்கள் முக்கியம். ப்ரூக் ட்ரவுட், மண்ணின் மைந்தன். பிரவுன் ட்ரவுட், வந்தேறி. 1883-ல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் முட்டைகளாக அமெரிக்காவுக்கு வந்த இனம் அது. வந்த இனம் வளர்ந்து, இருந்த இனத்தைப் பல ஓடைகளில் மேல்முனைக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும், பெரிய மீன் என்றால் இங்கே எல்லோர் மனதிலும் வருவது பிரவுன்தான். (நம் நீலகிரியில், அவலாஞ்சியில் 1907-லிருந்து பொரிப்பகம் வைத்து வளர்க்கப்படுவது ரெயின்போ ட்ரவுட். அது இன்னொரு வகை.)

பிரவுன் ட்ரவுட் ஓரளவு வளர்ந்ததும் குணம் மாறிவிடும். அதுவரை பூச்சி தின்றுகொண்டிருந்தது, பிறகு மீன் தின்ன ஆரம்பிக்கும். நண்டுபோல் கொடுக்குள்ள க்ரேஃபிஷ், கல்லுக்கடியில் இருக்கும் குட்டி மீன்கள், தவறி விழும் சுண்டெலி, ஏன், தன் இனத்துக் குஞ்சுகள்கூட. பகலெல்லாம் கரைக்கு அடியில் இருக்கும் பொந்திலோ விழுந்த மரத்துக்குக் கீழேயோ கிடக்கும். இருட்டியதும் வெளியே வரும். அதனால்தான் ஒரே ஓடையில் ஐந்து வருடம் மீன்பிடித்தவருக்கும் அங்கே இருக்கும் பெரிய மீனைத் தெரியாமல் போகிறது. வழக்கமாக மாட்டுவது 20, 25 சென்டிமீட்டர். 50 சென்டிமீட்டர், அதாவது அவர்கள் கணக்கில் 20 இன்ச், ஒன்று மாட்டிவிட்டால் அதைப் பேரன் பேத்தி காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தாத்தாவும் தெர்மாமீட்டரும்

சொல்லிக்கொண்டிருப்பதில் ஒருவர், வெஸ்ட்பி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாத்தா. எழுபதைத் தாண்டியவர். பால்பண்ணை வைத்திருந்தார், மாடுகளைக் கொடுத்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டார். அவர் பெயரும் அவர் ஓடையின் பெயரும் இங்கே வராது. பெரிய மீன் இருக்கும் இடத்தைத் தூண்டில்காரர்கள் சொந்த மாப்பிள்ளையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்!

அவருடைய அப்பா காலத்தில் இந்த ஓடைகள் இப்படி இல்லை. குடியேறியவர்கள் குன்றுகளின் சரிவில் மேலிருந்து கீழாக ஏர் ஓட்டினார்கள். செங்குத்தான இடத்தில் மாடு மேய்த்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடைக்குள் இறங்கியது. ஓடை அகன்று, ஆழம் குறைந்து, வெயிலில் சூடேறி, சேறாகிப் போனது. சூடான சேற்றுத் தண்ணீரில் ட்ரவுட்டுக்கு என்ன வேலை?

1933-ல் அமெரிக்க அரசு, நாட்டிலேயே முதல் மண் பாதுகாப்பு முன்மாதிரித் திட்டத்தைக் கூன் வேலி என்ற இடத்தில் தொடங்கியது. (நம் காதுக்கு முதுகு வளைந்த வேலிபோலக் கேட்கும். ஊரின் பெயர் அதுதான். வேலி என்றால் இங்கே பள்ளத்தாக்கு.) வேலையில்லாத இளைஞர்களை முகாம் போட்டுத் தங்கவைத்தார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போய்விடும். குன்றைச் சுற்றி வளைவு வளைவாக உழுவது, ஒரு பட்டை சோளம், ஒரு பட்டை புல் என மாற்றி மாற்றி விதைப்பது, செங்குத்துச் சரிவை மரங்களுக்கு விட்டுவிடுவது எனப் பாடம் நடந்தது. சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு இந்தத் திட்டத்தில் பங்கெடுத்து, 1935-ல் இதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அந்த முகாமில் மண்வெட்டி பிடித்த பையன்களில் ஒருவர்தான் தாத்தாவின் அப்பா.

மழைநீர் மேலோடு ஓடாமல் மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது. ஊற்றுகள் பெருகின. ஆனால், அது ஓரிரு வருடங்களில் நடந்ததல்ல. ஓடைகளில் ட்ரவுட் தானாகவே முட்டையிட்டுப் பெருகும் நிலை வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. பிற்பாடு மாநில மீன்வளத் துறையினர் இன்னொரு வேலையும் செய்தார்கள். தடித்த பலகைகளால் மேடைபோல ஒன்றைச் செய்து, ஓடைக்கரையின் அடியில் பதித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுப் புல் வளர்த்துவிட்டார்கள். மேலே நடப்பவருக்கு அது சாதாரணக் கரை. கீழே மீனுக்கு அது வீடு. பெரிய மீன்கள் அங்கேதான் குடியிருக்கின்றன.

2018 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரே இரவில் கொட்டிய பேய் மழையில், மேலே இருந்த வெள்ளத் தடுப்பு அணைகள் சில உடைந்து, கூன் வேலி மூழ்கியது. கரைகள் பிய்த்துக்கொண்டு போயின. மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆக, அந்த ஓடையில் ஒரு பெரிய மீன் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் பல தலைமுறை மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. தாத்தா கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அவர் பெட்டியிலிருந்து முதலில் எடுப்பது கோலை அல்ல. நூலில் கட்டிய தெர்மாமீட்டரை. அதைத் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் நிற்பார். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அதிக ஆக்சிஜன் தேவைப்படும். 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் ட்ரவுட் பிடிக்கக் கூடாது என்பது பொறுப்பான தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை. தாத்தாவின் எல்லை 19. "ஒரு டிகிரி மீனுக்கு டிப்ஸ்" என்பார்.

அணில் வால் ஸ்பின்னர்

கோடை விடுமுறைக்கு வந்த 14 வயதுப் பேத்திக்குத் தாத்தா கொடுத்தது 5 அடிக் கோல். நுனியில் ஸ்பின்னர். ஒரு கம்பியில் சின்ன உலோகத் தகடு சுழலும், பின்னால் முள். தண்ணீரில் இழுக்கும்போது தகடு மின்னி அதிரும். ட்ரவுட் அதைத் தப்பி ஓடும் குட்டி மீன் என்று நினைக்கும்.

இந்த ஸ்பின்னருக்கும் விஸ்கான்சினுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இது 1938-ல் பிரான்ஸில் பிறந்த மெப்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்த விஸ்கான்சின்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த மெப்ஸை, ஆன்டிகோ என்ற ஊரில் தூண்டில் கடை வைத்திருந்த டாட் ஷெல்டன் 1950-களின் தொடக்கத்தில் உல்ஃப் ஆற்றில் போட்டுப் பார்த்தார். ட்ரவுட்கள் கொத்தித் தள்ளின. உடனே வரவழைத்து விற்க ஆரம்பித்தார். அந்த நாளில், பிரான்ஸிலிருந்து ஸ்பின்னர்களை அனுப்பிய ஒரு பெண்ணுக்குப் பதிலாக நைலான் காலுறைகள் போயின என்பது அந்த நிறுவனத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. ஸ்பின்னரின் முள்ளை மறைக்க அணில் வால் முடியைக் கட்டுகிறார்கள். இறைச்சிக்காக அணில் வேட்டையாடுகிறவர்களிடம் வாலை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ராமருக்குப் பாலம் கட்டிய அணில் அங்கே இப்படிப் பயன்படுகிறது!

தாத்தா அதில் ஒரு வேலை செய்திருந்தார். மூன்று கவர் உள்ள முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டி, அதன் உள்முனையில் இருக்கும் செதிலைக் குறடால் நசுக்கியிருந்தார். செதில் இல்லாவிட்டால் முள் வந்த வழியே சுலபமாகக் கழன்றுவிடும். மீன் நழுவிப்போகவும் வாய்ப்பு அதிகம்தான்.

நரம்பு 4 பவுண்டு. பேத்தி கேட்டாள், "தாத்தா, நீங்க 2 பவுண்டுலயே பிடிப்பீங்களாமே?"

"பிடிச்சேன். அது என் பெருமைக்குப் பிடிச்சது. நாலு பவுண்டு போடு."

பதிலில் ஒரு பெரிய சண்டையே அடங்கியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், மெல்லிய நரம்பு ஏன் வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் மீன் எல்லாவற்றையும் பார்க்கும். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் மீனுக்கு ஒளி வளைவதால், தலைக்கு மேல் ஒரு வட்டமான ஜன்னல் வழியாக மட்டுமே வெளியுலகம் தெரியும். மிகத் தாழ்வாக இருப்பது அந்த ஜன்னலின் ஓரத்தில் நசுங்கிப்போய்விடும். அதனால்தான் குனிந்தும் மண்டியிட்டும் போகிறார்கள். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். எனவே, கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்பக்கமாகப் போக வேண்டும். நிழல் விழக் கூடாது. கரையில் தொம் தொம்மென்று நடந்தால் உடம்பின் பக்கக்கோட்டிலேயே அதிர்வை உணர்ந்துவிடும். இவ்வளவும் பார்த்துப் போய், தடித்த நரம்பைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கிராம் இரையைத் தடித்த நரம்பு பறக்கவே விடாது. பறந்தாலும் கயிறு விழுந்ததுபோல விழும். எல்லா மீனும் பொந்துக்குள் போய்விடும்.

சரி, மாட்டிய பிறகு எப்படி அறுந்துபோகாமல் இருக்கிறது? மீனின் உடம்பில் காற்றுப்பை இருக்கிறது. அதனால் தண்ணீருக்குள் மீனுக்கு எடை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஒன்றரைக் கிலோ என்பது வெளியே தூக்கினால் மட்டுமே. தண்ணீருக்குள் நரம்பு தாங்க வேண்டியது மீன் இழுக்கும் இழுப்பையும் நீரோட்டத்தையும்தான். சட்டென்று வரும் வெட்டை வளைந்து கொடுக்கும் கோல் வாங்கிக்கொள்ளும். நைலான் நரம்பும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதற்கும் மேல் போனால் ரீலில் 'டிராக்' என்ற திருகு இருக்கிறது. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இழுப்பு வந்ததும் ரீல் தானாக நரம்பை விட்டுக்கொடுக்கும்படி அதைத் திருகி வைப்பார்கள். காற்றாடி விடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காற்று பிடித்து இழுக்கும்போது நூலை விட வேண்டும். தளரும்போது சுற்ற வேண்டும்.

முடிச்சுதான் பலவீனமான இடம். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைப்பார்கள். உலர்ந்த நைலானை இறுக்கினால் உரசலில் சூடாகிப் பலம் குறைந்துவிடும். பேத்திக்கு அது அருவருப்பு. தண்ணீர் தொட்டுக்கொண்டாள்.

மூன்று நிமிடம்

காலை எட்டு மணி. தண்ணீர் 15 டிகிரி. ஓடை ஒரு திருப்பத்தில் கரையை அரித்துக்கொண்டு போகும் இடம். அந்தக் கரைக்கு அடியில்தான் பலகை வீடு. பேத்தி மண்டியிட்டபடி ஸ்பின்னரை மேல்பக்கமாக எறிந்து, நீரோட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது எறிதலில் கரையின் நிழல் நகர்ந்ததுபோல இருந்தது. கோல் வில்லாக வளைந்தது. ரீல் 'க்ரீச்' என்று கத்தியது.

சின்ன ஓடையில் பெரிய மீன் மாட்டினால் அது தூரமாக ஓடாது, ஓட இடமில்லை. வீட்டுக்குள் போகத்தான் பார்க்கும். பலகையிலோ வேரிலோ நரம்பு ஒருமுறை உரசினால் போதும், கதை முடிந்தது. கோலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எல்லோரும் செய்வது. படத்துக்கு அழகாக இருக்கும். மீனோ, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

"கோலைச் சாய்ச்சுப் பிடி. தண்ணிக்குப் பக்கத்துல. அது எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் இழு."

பக்கவாட்டில் இழுத்தால் மீனின் தலை திரும்பும். தலை திரும்பினால் உடம்பும் திரும்பியாக வேண்டும். அது நிமிர்ந்ததும் மறுபக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி இழுத்தால் மெல்லிய நரம்பிலேயே பெரிய மீனைச் சீக்கிரம் தளரச் செய்துவிடலாம்.

"இறங்கு. மீனுக்குக் கீழ்ப்பக்கமா போ."

அவள் ஷூவோடு இறங்கினாள். மீன் மேலே, ஆள் கீழே. இப்போது மீன் அவளோடு மட்டுமல்ல, நீரோட்டத்தோடும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். மேலே நின்றுகொண்டு கீழே இருக்கும் மீனை இழுத்தால் ஓடை முழுக்க மீனின் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

தாத்தா மீனைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா வெட்டிருவேன்."

"தாத்தா! ப்ளீஸ்!"

"அதான் சொல்றேன். பயப்படாம இழு. நரம்பு தாங்கும்."

இங்கேதான் அந்தச் சண்டை. அல்ட்ராலைட் தூண்டிலின் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது மீனுக்கு நேர்மையாகத் தெரிந்தாலும் கொடுமையானது என்பதுதான். நரம்பு மெலிந்தால் இழுக்கப் பயம் வரும். பயந்தால் போராட்டம் நீளும். நீண்டால் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும். தண்ணீரில் விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். பிடித்தவர் நிம்மதியாக வீடு திரும்புவார். சில மணி நேரம் கழித்து அது செத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ரெயின்போ ட்ரவுட்களை ஆய்வகத்தில் களைத்துப்போகும்வரை விரட்டிப் பார்த்தார்கள். விரட்டப்பட்டு, உடனே தண்ணீரில் விடப்பட்டவற்றில் 12 மணி நேரத்துக்குப் பிறகு 88 சதவிகிதம் உயிரோடு இருந்தன. விரட்டிய பிறகு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவிகிதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவிகிதம்தான். ஆய்வகத்தில் செய்ததுபோல ஓடையில் எல்லா மீனையும் அந்த அளவுக்கு யாரும் களைக்க வைப்பதில்லை. ஆனால், மீனை ஏந்தி நின்று, சிரித்து, 'இன்னொன்னு எடு, கண்ணை மூடிட்டேன்' என்று சொல்லும் நேரம் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. செல்ஃபி யுகத்தில் மீனைக் கொல்வது முள்ளைவிட கேமராதானோ என்னவோ!

இன்னொரு பக்கம், சாதனை வெறி. 1939-ல் தொடங்கப்பட்ட சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கம் உலக சாதனைகளை நரம்பின் பலம் வாரியாகவும் பிரித்து வைத்திருக்கிறது. 2 பவுண்டு நரம்பில் பிடித்த பெரிய மீன், 4 பவுண்டு நரம்பில் பிடித்த பெரிய மீன் எனத் தனித்தனிப் பட்டியல். பட்டியல் இருந்தால் அதில் ஏற ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள். ஒரு மீனை எவ்வளவு குறைந்த பலத்தில் பிடித்தேன் என்று காட்டுவதற்காக அதை அரை மணி நேரம் அலைக்கழிப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது?

லேசான கருவியே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கத் தூண்டில் உலகின் பெரிய பெயரான லீ உல்ஃப், 6 அடி மூங்கில் கோலில் அட்லாண்டிக் சால்மன்களைப் பிடித்துக் காட்டியவர். பிடித்த மீனைத் திரும்ப விடுங்கள் என்று 1930-களிலேயே சொன்னவரும் அவர்தான். லேசான கோல், ஆனால் சீக்கிரம் முடிக்கத் தெரிந்த கை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். கை பழகாதவர்கள் கோலை மட்டும் வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல். அதற்கு இங்கே தாத்தா வைத்திருக்கும் மருந்து, கத்தரிக்கோல்.

பேத்தி பயத்தை விட்டுவிட்டு இழுத்தாள். கோலின் அடிப்பகுதிவரை வளைந்தது. இரண்டு முறை மீன் பலகைக்கு ஒரு முழம் பக்கத்தில் போய்த் திரும்பியது. மூன்று நிமிடம் சொச்சத்தில் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. தாத்தா ரப்பர் வலையைத் தண்ணீருக்குள்ளேயே அதன் கீழே நீட்டினார். முடிச்சு வலை என்றால் மீனின் வழுவழுப்பான மேல்பூச்சு உரிந்துபோகும்; நோய்க்கிருமி நுழைவதைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். அதனால்தான் மீனைத் தொடும் கையையும் நனைத்துக்கொள்கிறார்கள்.

வெண்ணெய் நிற வயிறு. பக்கங்களில் கறுப்புப் புள்ளிகள். இடையிடையே வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்திருக்கவில்லை. "பொம்பளப் புள்ள" என்றார் தாத்தா. கோலில் டேப் ஒட்டி அளவு குறித்து வைத்திருந்தார். தண்ணீருக்குள்ளேயே பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 21 இன்ச். சுமார் 53 சென்டிமீட்டர். எடை? ஒன்றரைக் கிலோ இருக்கும். எடைபோட வேண்டுமானால் வெளியே தூக்க வேண்டும், அதனால் போடவில்லை.

"ஒரே ஒரு போட்டோ தாத்தா. கையில வச்சு."

"தண்ணிக்குள்ள வச்சு எடு."

"யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் நம்புறேன்ல?"

அவளுக்குக் கோபம். இருந்தாலும், வலைக்குள் பாதி நீரில் மூழ்கிய மீனை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பாதி மீன், பாதி பேத்தியின் ஷூ. முள்ளைக் குறடால் ஒரு திருப்பு, கழன்றுவிட்டது. மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வாலடியில் லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவுள் திறந்து மூடுவது தெரிந்தது. அது உடனே போகவில்லை. கையை விட்ட பிறகும் அவள் காலுக்குப் பின்னால், தண்ணீர் வேகமில்லாத இடத்தில் ஒதுங்கி நின்றது. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். கால் மரத்துப்போகும் குளிர். ஏழெட்டு நிமிடம் கழித்து, கரைக்கு அடியில் இருட்டுக்குள் போனது.

பத்தரை மணிக்கு அடுத்த திருப்பத்தில் தெர்மாமீட்டர் 17 காட்டியது. பேத்திக்கு இன்னும் இரண்டு சின்ன ப்ரூக் ட்ரவுட்கள் மாட்டின. மதியம் பன்னிரண்டுக்கு 19. தாத்தா கோலை இரண்டாகக் கழற்றிப் பையில் போட்டார். "இன்னும் ஒரு டிகிரி இருக்கே" என்றாள். டிப்ஸ் கதையைத் திரும்பவும் சொன்னார்.

அக்டோபர் 15-ம் தேதியோடு சீசன் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் மீனுக்கு வேலை. பலகை வீட்டைவிட்டு வெளியே வந்து, ஓடையின் ஆழமில்லாத இடத்துக்கு, சில நேரம் முதுகு வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் குறைந்த இடத்துக்குப் போகும். பக்கவாட்டில் படுத்து, வாலால் அடித்து அடித்துச் சரளைக்கல்லில் குழி பறிக்கும். ஆயிரத்துக்கு மேல் முட்டை. மேலே கல்லைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். பனிக்காலம் முழுக்க ஊற்று நீர் அந்தக் கற்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் பிடித்து விடும் சீசன் தொடங்கும்போதும் முட்டைகள் உள்ளேதான் இருக்கும். சுற்றியிருக்கும் கல்லெல்லாம் பாசியேறிக் கறுத்திருக்க, மீன் புரட்டிப் போட்ட இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். அந்த மாதங்களில் தாத்தா தண்ணீரில் கால் வைப்பதில்லை. கரையிலிருந்தே எறிகிறார். ஓடையைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால், பாலம் இருக்கும் இடம்வரை பனியில் நடந்துபோய்ச் சுற்றிக்கொண்டு வருகிறார்.